வைப்பதும் எடுப்பதும்

கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களால் புகழ்பெற்ற ஊர் தேவிபட்டினம். இராமபிரான் நாட்டிய நவக்கிரகங்கள் என்று அடியார்கள் அவற்றைப் போற்றுவர். அக்கடற்பகுதியில் மீனவர் நண்டு வலையை அடித்தரையில் விரித்து, அதனோடு கயிறு பிணைத்து, மிதவையும் கொடியும் விட்டு மீள்வர். பின்னர்க் கொடியைக் கண்டு வலையை எடுப்பர். கொடி அறுந்து போயின், வலை கடலிலேயே கிடந்தும் உடையவனுக்கு அஃது இல்லாத பொருளே. இட்டுவைத்த பொருளெல்லாம் எடுக்கத்தக்க பொருள் ஆகிவிடாது. இவ்வுண்மை கடலுக்கு மட்டுமன்று, கணினிக்கும் பொருந்தும்.

இந்நாளில் மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், நிலப்பத்திரம் முதலியன இணையச் செயலிகளில் பதிவேற்றப்படுகின்றன. ஏற்றிய கோப்பு, தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணினியின் சேமிப்பகத்தில் தங்குகிறது. ஒரே நாளில் நூறு மாணவர் 'புகைப்படம்' என்னும் ஒரே பெயரில் படம் அனுப்பக்கூடும். பின்வந்தது முன்வந்ததை அழித்துவிடாதபடி, ஒவ்வொன்றுக்கும் தனித்த புதுப்பெயர் சூட்டுதல் நன்முறையாகும். உரியவர் யார், அவர் இட்ட பெயர் யாது, கோப்பு இருக்கும் இடம் எது என்பன தரவுத்தளம் என்னும் பேரேட்டில் பதியப்பெறும்.

உரியவர் கோப்பைக் கேட்கும்போது, செயலி முதலில் அவருடைய உரிமையை ஆராய வேண்டும். பின்பு பேரேட்டைப் பார்த்து இடமறிதல் வேண்டும். அதன்பின்னரே எடுத்தனுப்புதல் வேண்டும். பேரேடு சிதைந்தால் கோப்பு இருந்தும் பயனில்லை. கோப்பு அழிந்தால் பேரேடு இருந்தும் பயனில்லை. உரிமை ஆராயாமல் கொடுத்தாலோ, இரண்டும் இருந்தும் கேடே விளையும்.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. சங்க நூல்கள் பல, மடங்களிலும் இல்லங்களிலும் ஏட்டுச்சுவடிகளாய் நெடுங்காலம் உறங்கின. அவை இருக்குமிடம் காட்டும் முழுமையான அட்டவணை இல்லை. ஆகவே உ. வே. சாமிநாதையர் ஊர்ஊராக அலைந்து தேட நேர்ந்தது. அவ்வுழைப்பால் 1894ஆம் ஆண்டில் புறநானூறும், 1898ஆம் ஆண்டில் மணிமேகலையும் அச்சேறின. இராமநாதபுரச் சீமையின் வள்ளல் பாண்டித்துரைத் தேவர், 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, நூல்களைத் தொகுத்துப் பயில வழிசெய்தார். சிதறிக் கிடந்தவற்றைக் கேட்பார் கைக்கு எட்டச் செய்ததே இவர்கள் ஆற்றிய அருந்தொண்டு.

"வீட்டுப் பெட்டியில் தாள் இருக்கக் கணினி எதற்கு?" என்பார் உளர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை இக்கடற்கரை மறவாது. வீட்டைக் கொண்டுபோகும் கடல், பெட்டியை விட்டுவைக்குமா? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. இத்தகைய இழப்புகளை நோக்க, 1998ஆம் ஆண்டில் தோன்றிய மதுரைத் திட்டமும், 2005ஆம் ஆண்டில் தோன்றிய நூலகம் திட்டமும் செய்துவரும் மின்பதிப்புப் பணியின் அருமை விளங்கும்.

எனினும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று கண்ணயர்தலும் தகாது. மைஸ்பேஸ் என்னும் அமெரிக்க இணையத்தளம், வழங்கிகளை இடம்மாற்றியபோது பல ஆண்டுகளாக மக்கள் ஏற்றிய பாடல்களை இழந்துவிட்டதாக 2019ஆம் ஆண்டில் உலகம் அறிந்தது. கோடிக்கணக்கான பாடல்கள் மறைந்தன. தம் பாடலுக்கு வேறு படி வைத்திராத கலைஞர் செய்வதறியாது நின்றனர்.

ஆதலின், ஒரு சேமிப்பகத்தின் பெருமையை அது கொள்ளும் அளவால் மதிப்பிடுதல் தவறு. உரியவர் கேட்டபோது பழுதின்றித் திருப்பித் தரும் திறத்தாலேயே மதிப்பிடல் வேண்டும். செயலி அமைப்போர் கோப்புக்கும் பேரேட்டுக்கும் வேறிடத்தில் மறுபடி வைத்தல் கடன். அம்மறுபடியிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பார்த்தலும் கடன். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவி ஒருத்தியின் சான்றிதழ், குறித்த நாளில் கிடைக்காமற்போயின், இழப்பு ஒரு கோப்பன்று, ஓராண்டுப் படிப்பாகும்.

மாணவர்களும் தம் கோப்புக்குத் தெளிவான பெயரிட்டு, தம்மிடம் ஒரு படி வைத்து, ஏற்றியதைத் திறந்து பார்த்துப் பழகுதல் நன்று. வலை வீசக் கற்றவன் அரை மீனவனே. கொடி நாட்டவும் கற்றவனே முழு மீனவன்.