கோப்பு எங்கே இருக்கிறது?

வீட்டுக் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் பள்ளிக் கணினியில் ஓட மறுக்கிறது. மாணவன் வேலையை முடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவது எளிது, மதிப்பெண்ணும் குறைந்துவிடும். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட நம் பிள்ளைகள் சிலர் இப்படி மனம் வெதும்புவதைக் கேட்டிருக்கிறேன். பல வேளைகளில் நிரலின் தருக்கத்தில் குற்றமே இராது. படக்கோப்பின் முழுப் பாதையையும், சி டிரைவில் தொடங்கி வீட்டுக் கணினியின் பயனர் பெயர் உட்பட, நிரலுக்குள் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரில் ஒரு கோப்புறை பள்ளிக் கணினியில் ஏது?

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் சில வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் மாறியதை நாம் அறிவோம். 'பள்ளியின் நூலகம்' என்று எழுதி வைத்தவருக்குக் குழப்பமில்லை. தோட்டத்துச் சாலையின் பெயரோடு எழுதி வைத்தவரே வழிதவறுவார்.

விஷுவல் ஸ்டூடியோவில் சி பிளஸ் பிளஸ் பயிலும் பிள்ளை, திட்டத்தின் பண்புகள் பக்கத்தில் ஒரு மதிப்பைத் திருத்தத் திறந்தால் 'மேக்ரோஸ்' என்ற பொத்தானைக் காணலாம். அதை அழுத்தினால் 'புராஜெக்ட்டிர்' முதலிய பெயர்களும், அக்கணினியில் அவை சுட்டும் பாதைகளும் தெரியும். டாலர் குறியிட்டு அடைப்புக்குறிக்குள் அப்பெயரை எழுதினால், திட்டம் எங்கு நகர்ந்தாலும் பாதையை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். எக்ஸ்கோடில் இதே பணியை 'எஸ்ஆர்சிரூட்' செய்கிறது.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. இப்பெயர்கள் அமைப்புப் பக்கத்துக்கு உரியவை. ஓடும் நிரல் அவற்றை அறியாது. விஷுவல் ஸ்டூடியோவுக்குள் ஓட்டும்போது, நாம் மாற்றாதவரை, திட்டக் கோப்புறையே நிரல் நிற்கும் இடம். ஆகவே கோப்பின் பெயரை மட்டும் எழுதினாலும் படம் கிடைத்துவிடும். 'டீபக்' கோப்புறையிலுள்ள நிரலை நடுவர் நேரே சொடுக்கித் திறந்தாலோ, தேடும் இடம் மாறிவிடும், படம் காணாமற்போகும். கட்டமைப்பு முடிந்தவுடன் படத்தையும் அங்கே நகலெடுக்குமாறு அதே அமைப்புகளில் கட்டளையிடலாம். எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறோம்?

தொடக்கப்பள்ளிக்கு இது மிகை என்பார் சிலர். எனக்கு உடன்பாடில்லை. கைப்பேசியிலேயே வளரும் பிள்ளைக்குக் கோப்புறை என்பதே புதுமை. மேக்ரோ வேண்டாம், தான் பெயரிட்ட கோப்புறையில் சேமித்து, அதை அப்படியே வேறு கணினிக்கு மாற்றித் திறந்து பார்க்க நான்காம் ஆண்டு மாணவனால் முடியும். பெற்றோர் "செய்து முடித்தாயா?" என்பதோடு "எங்கே சேமித்தாய்?" என்றும் கேட்கலாம். மதிப்பெண்ணைக் குறைக்குமுன், கோப்பின் பாதை எழுதப்பட்ட அந்த ஒரு வரியை ஆசிரியர்களும் பார்த்துவிட வேண்டும்.