வென்ற குதிரையும் சிறந்த குதிரையும்: டுபாய் உலகக் கிண்ணத்தை எப்படி வாசிப்பது?

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி டுபாயின் மெய்தான் மைதானத்தில் நடந்த டுபாய் உலகக் கிண்ணக் குதிரைப் பந்தயத்தில், எல்லோரும் எதிர்பார்த்த குதிரை வெல்லவில்லை. ஜப்பானின் ‘ஃபொரெவர் யங்’ மூன்றாவதாகத்தான் வந்தது. 41க்கு 1 என்ற விகிதத்தில், மிகச் சிலரே நம்பிப் பணம் கட்டிய அமெரிக்கக் குதிரை ‘ஹிட் ஷோ’ முதலிடம் பெற்றது. மொத்தப் பரிசு 12 மில்லியன் அமெரிக்க டொலர்.

பெரும்பாலான செய்திகள் வென்ற குதிரையின் பெயரோடும் பரிசுத் தொகையோடும் முடிந்துவிட்டன. ஒரு குதிரை உண்மையில் எப்படி ஓடியது என்பதை அந்த இரண்டையும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இது முதிர்ந்த குதிரைகளுக்கான பந்தயம். வட அரைக்கோளத்தில் பிறந்தவை நான்கு வயதை அடைந்திருக்க வேண்டும். தூரம் 2000 மீற்றர், மண்தரை. மெல்பேர்ன் கிண்ணத்தில் திறமையான குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி வாய்ப்பைச் சமப்படுத்துவார்கள். இங்கே அப்படிச் செய்வதில்லை. அதனால் இந்தப் பந்தயத்தில் குதிரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது ஓரளவு இலகு.

மதிப்பிடுபவர்கள் முதலில் பார்ப்பது யாரைத் தோற்கடித்தது என்பதை. 2024 இல் ‘லோரல் ரிவர்’ எட்டரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. இரண்டாவதாக வந்தது முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ‘உஷ்பா டெசோரோ’. பலமான குதிரையை அவ்வளவு தூரம் பின்தள்ளியதால்தான் அந்த ஓட்டம் பெரிதாகப் பேசப்பட்டது.

அடுத்தது ஓட்டத்தின் வேகம் எப்படிப் பகிரப்பட்டது என்பது. முன்னால் ஓடுபவை தொடக்கத்திலேயே அளவுக்கு மீறி ஓடினால், பின்னால் காத்திருந்த குதிரைக்குக் கடைசி 400 மீற்றரில் வாய்ப்புக் கிடைக்கும். மெதுவாகத் தொடங்கினால் முன்னால் போனதைப் பிடிப்பது கடினம். மூன்றாவது, வழியில் நேர்ந்தவை. வளைவில் வெளிப்பக்கமாக ஓடிய குதிரை மற்றவற்றைவிடக் கூடுதல் தூரம் ஓடியிருக்கும். முடிவுப் பட்டியலில் அது தெரியாது.

2017 இல் ‘அரோகேட்’ ஓடியது இதற்கு நல்ல உதாரணம். புறப்படும்போதே தடுமாறி எல்லோருக்கும் பின்னால் விழுந்த அந்தக் குதிரை, ஒவ்வொன்றாகத் தாண்டி ‘கன் ரன்னரை’ இரண்டேகால் நீளத்தில் தோற்கடித்தது. அந்த இரண்டேகால் நீளம் உண்மையான வித்தியாசத்தைக் குறைத்தே காட்டியது. ஆனால் அதன் பின்னர் அரோகேட் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்றது கன் ரன்னர்தான்.

ஃபொரெவர் யங்கின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். டுபாய்க்கு ஆறு வாரங்களுக்கு முன்னர் சவூதி கிண்ணத்தில் ‘ரொமான்டிக் வொரியரை’ ஒரு கழுத்தளவில் வென்றிருந்தது. டுபாயில் மூன்றாம் இடம். நவம்பர் 1 ஆம் திகதி கலிபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை வென்றது. ஜப்பானில் பயிற்றுவிக்கப்பட்ட குதிரையொன்று அதை வென்றது அதுவே முதல் தடவை. சவூதி வெற்றியைப் பார்த்து டுபாயில் இதுதான் வெல்லும் என்றவர்கள் ஏமாந்தார்கள். டுபாய்த் தோல்வியைப் பார்த்து இதன் காலம் முடிந்தது என்றவர்களும் ஏமாந்தார்கள்.

நல்ல மதிப்பீடு நடந்து முடிந்ததை விளக்கும். நாளை நடக்கப்போவதை அது உறுதி செய்யாது. பயணக் களைப்பு, தரை, தொடக்கத்தில் ஒரு தடுமாற்றம் என எதுவும் கணக்கை மாற்றிவிடும். வாழ்நாள் முழுவதும் குதிரைகளோடு இருப்பவர்களாலேயே ஹிட் ஷோவைக் கணிக்க முடியவில்லை.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பில் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களுக்குப் பணம் கட்டும் நிலையங்கள் நீண்டகாலமாக இயங்குகின்றன. இப்போது பணம் கட்ட அங்கே போகவேண்டியதில்லை, கைத்தொலைபேசி போதும். 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமூலத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தாலும், “நிச்சயம் வெல்லும்” என்று குதிரையின் பெயரை விற்பவரிடமிருந்து நம் வீட்டுப் பிள்ளையை அது உடனே காப்பாற்றிவிடாது. போரில் எல்லாம் இழந்து, கடன்பட்டு மீண்டும் எழும்பிய வீடுகளில் ஒரு மாதச் சம்பளம் போவது சின்ன விடயமில்லை. டுபாயில் அந்த மைதானத்திலேயே பார்வையாளர்கள் பணம் கட்டுவதற்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

குதிரை ஓடுவதைப் பார்ப்பதில் தவறில்லை, நானும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் யாராவது ஒரு முடிவைக் காட்டி அடுத்ததைச் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்தக் குதிரை யாரை வென்றது, எந்த வேகத்தில் ஓடியது, வழியில் என்ன நடந்தது? மூன்றுக்கும் சரியான பதில் சொல்பவர், அடுத்த பந்தயம் நிச்சயம் என்று சொல்லமாட்டார்.