நாய்க்கும் ஒரு படுக்கை வேண்டும்

புனேயில் அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் நம்மவர் பலர் நாய் வளர்க்கிறார்கள். இரவில் அது குரைத்தால் மறுநாள் சொசைட்டியில் புகார். நாய் வளர்ப்பதைத் தடுக்க சொசைட்டிக்கு உரிமை இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கூறியது உண்மை. இரவில் நாயை அமைதியாக வைக்க முயல வேண்டும் என்றும் அதே வாரியம் கூறியது. இதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

பால்கனியில் கட்டிப்போட்டால் தனிமையில் நாய் மேலும் குரைக்கும். நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டைப் படுக்கையறையிலேயே வையுங்கள். முதல் சில நாட்கள் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சோறு வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கப் பழகியபின் இரவில் சாத்தலாம். குட்டியானால் நடுஇரவில் ஒருமுறை வெளியே கூட்டிப்போக வேண்டும். பகலெல்லாம் அடைத்து வைக்கக் கூடாது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

ரயிலில் பிரேக் வேன் நாய்ப்பெட்டியில் ஏற்றிய நாய்கள் மிரண்டு ஊளையிடுவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே கூண்டுக்குப் பழக்கினால் ஊர்ப் பயணத்திலும் நாய்க்கு அந்த அச்சம் குறையும். அண்டை வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அன்பர்கள் யோசிக்க வேண்டும்.