வால் இல்லாத எலி!

சகோதரிகளே, வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கும் பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். தையல், அப்பளம், ஊறுகாய், ட்யூஷன் என்ற அந்த வரிசையில் இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டு விட்டது. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? தையல் மெஷினுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் ஒதுக்குகிறோம். கிரைண்டருக்கு ஒரு மூலை கொடுக்கிறோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் இடம் கிடையாது! சாப்பாட்டு மேஜை, கட்டில் ஓரம், சில சமயம் மடி... எது காலியோ அங்கே வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. அதற்கு ஏற்றபடி வளைந்து கொடுப்பது நம் கழுத்தும் முதுகும்தான். அந்த வளைவை நிமிர்த்த உதவும் ஒரு சின்னச் சாமானைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன்: வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும்.

ப்ளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள் நான். கல்யாணம், குழந்தைகள் என்று பல வருஷம் அதைத் தொடவே இல்லை. பிறகு எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டுக்கொண்டதால், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், காதுகுத்து அழைப்பிதழ், சங்க நோட்டீஸ் என்று வீட்டிலேயே டைப் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மகளின் காலேஜ் பஸ் கட்டணம் முழுக்க அந்தப் பணத்தில்தான்.

போன தை மாதம் கழுத்தில் பிடித்த வலி வலது தோளுக்கு இறங்கி, குக்கரைத் தூக்கினால் கை நடுங்கும் அளவுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "லேப்டாப்பிலே எப்படி உட்காருவீங்க, உட்கார்ந்து காட்டுங்க" என்றார். காட்டினேன். பிறகு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பசுமரத்தாணி போலப் பதிந்தது.

லேப்டாப்பில் திரையும் எழுத்துப் பலகையும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். திரையைக் கண் உயரத்துக்குத் தூக்கினால் கை அந்தரத்தில் நிற்கும். கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தலை குனிய வேண்டும். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது அது முதுகெலும்பின் மேல் பாந்தமாக உட்கார்ந்திருக்கும். குனியக் குனிய, அதை விழாமல் இழுத்துப் பிடிக்கும் வேலை பின்கழுத்துத் தசைகள் மேல் ஏறுகிறது. மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருந்தால் அவை சும்மா இருக்குமா?

"உட்காரும் விதத்தை மாத்துங்க. முடியலைன்னா வேலையை விட்டுடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "விட்டுத் தொலையேன், உடம்பைவிடக் காசா பெரிசு?" என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் வேலையை விட்டால் பஸ் கட்டணம்? அது மட்டுமா, இத்தனை வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்த என் டைப்ரைட்டிங்கும் அல்லவா போய்விடும்? மகள்தான் வழி சொன்னாள்: "அம்மா, திரையையும் கீபோர்டையும் பிரிச்சுட்டாப் போதும்மா. தனியா வயர்லெஸ் செட் விக்குது." 1,400 ரூபாயில் வாங்கியும் வந்தாள்.

பெட்டியைப் பிரித்ததும் என் மாமியார் மவுஸை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாலைக் காணோமே! கடைக்காரன் அறுத்துட்டுக் கொடுத்துட்டானா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்பவர் 1964-இல் மரக்கட்டையில் செய்த முதல் மவுஸுக்கு வயர்தான் வால்!

வயர் உள்ள கீபோர்டு மலிவாயிற்றே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கம்ப்யூட்டருக்கென்றே தனி மேஜை உள்ள வீட்டில் தாராளமாகப் போதும். வலியைக் குறைப்பது, திரையும் கீபோர்டும் பிரிந்திருப்பதுதான். எங்கள் வீட்டில் மேஜை ஒன்றுதான், சாப்பாடும் அதிலேதான். மாமியார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அங்கே குறுக்கே வயர் ஓடினால் என்ன ஆகும்? இப்போது தட்டு வைக்கும் நேரம் வந்தால் கீபோர்டு ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிடும். வேலை நேரத்தில் இறங்கிவிடும். இடம் இல்லாத வீட்டுக்குத்தான் வயர் இல்லாத செட் அதிகமாக உதவும்.

உட்காரும் முறை

ஒரு மரப்பலகையின் கீழே கனமான இரண்டு பழைய அகராதிகளை வைத்து, அதன் மேல் லேப்டாப்பை ஏற்றினோம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் சரியான தூரம். முழங்கை உடம்போடு ஒட்டி, 'ட' எழுத்து மாதிரி மடங்கியிருக்கும் உயரத்தில் கீபோர்டு. மேஜை உயரமாக இருந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உட்காருங்கள். பாதம் தரையில் படவில்லை என்றால் காலடியில் ஒரு மணை.

கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று அவற்றை நிமிர்த்தி வைக்காதீர்கள். மணிக்கட்டு பின்னால் மடங்கும். மடக்கியே வையுங்கள். டைப்ரைட்டிங் மாஸ்டர் "மணிக்கட்டு தொங்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது" என்று ஸ்கேலோடு சுற்றி வருவார். அன்று திட்டினோம், இன்று டாக்டரம்மா சொல்வதும் அதையேதான்!

வலதுபக்கம் எண்கள் தனியாக உள்ள நீளக் கீபோர்டு என்றால் மவுஸ் எட்டப் போய்விடும். கையை அகட்டி அகட்டியே தோள் வலிக்கும். கணக்கு வேலை அதிகம் இல்லாதவர்கள் எண் பகுதி இல்லாத குட்டையான கீபோர்டாகவே பார்த்து வாங்கலாம். இன்னொன்று: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். கண்ணுக்கு நல்லது. நான் எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்க்கிறேன்.

வாங்கும்போது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புளியங்கொட்டை அளவில் ஒரு ரிசீவரைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகுவது. மற்றது ப்ளூடூத், கம்ப்யூட்டரிலேயே ப்ளூடூத் வசதி இருந்தால் ரிசீவர் தேவையில்லை. முதல் வகையில் அந்தக் குட்டி ரிசீவர்தான் உயிர்நிலை. அது தொலைந்தால், பெரும்பாலான செட்டுகளில் வேறு ரிசீவர் ஒத்துவராது. எங்காவது எடுத்துப் போவதானால் மவுஸின் பேட்டரி அறையிலேயே அதற்கென்று இடம் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் இருக்கும்.

கீபோர்டில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். எந்த மொழி வர வேண்டும் என்பது கம்ப்யூட்டரின் செட்டிங்கில் இருக்கிறது, கீபோர்டில் இல்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். கற்றுக்கொள்ளச் சுலபம்.

பாங்க் வேலை பார்ப்பவர்கள் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் பாஸ்டில் என்ற நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், மலிவான சில வயர்லெஸ் கீபோர்டுகள் நாம் அடிக்கும் எழுத்துகளை ரகசியக் குறியீடாக மாற்றாமல் அப்படியே காற்றில் அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர் அதற்குரிய கருவி வைத்திருந்தால் பாஸ்வேர்டையே பிடித்துவிடலாம். ஆகவே பெட்டியின் மேல் 'என்கிரிப்ஷன்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் தெரியாத செட் என்றால், பாஸ்வேர்டை மட்டும் லேப்டாப்பின் சொந்த எழுத்துப் பலகையிலேயே அடித்துவிடுங்கள். தீர்ந்தது கவலை.

"கதிர்வீச்சு வருமாமே" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். இவை அனுப்பும் சக்தி சில மில்லிவாட்தான்; நாம் காதிலேயே வைத்துப் பேசும் செல்போனைவிட மிகமிகக் குறைவு.

மவுஸ் தடுமாறினால்

பேட்டரி புதிதாக இருந்தும் அம்புக்குறி விட்டு விட்டு நகர்கிறதா? ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகியிருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி 3 வகைச் சாதனங்கள் எழுப்பும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குழப்பும் என்று இன்டெல் கம்பெனியே 2012-இல் எழுதியிருக்கிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசைதான். அது ஓடும்போது பக்கத்தில் உட்கார வேண்டாம்.

கண்ணாடி பதித்த மேஜையில் சாதாரண மவுஸ் ஓடவே ஓடாது. அடியிலுள்ள விளக்கு வெளிச்சத்தில் மேஜைப் பரப்பின் நுணுக்கங்களைப் பார்த்துத்தான் அது நகர்வைக் கண்டுகொள்கிறது. வழுவழுக் கண்ணாடியில் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. தேதி கிழித்து முடிந்த காலண்டர் அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத மவுஸ் பேட்!

பேட்டரி விஷயம்

பழைய பேட்டரியோடு புதிதைச் சேர்த்துப் போடாதீர்கள். பழையது கசிய ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் அடியிலுள்ள ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம். கையுறை போட்டுப் பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்து ஒற்றித் துடையுங்கள். பின்பு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தினமும் உபயோகிப்பவர்கள் ரீசார்ஜ் செய்யும் பேட்டரி வாங்கினால் சிக்கனம்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் மிக ஜாக்கிரதையாக இருங்கள். ரிசீவர் வாயில் போகும் அளவுதான். ஒரு சில குட்டி ரிமோட்டுகள், மெலிந்த கீபோர்டுகளில் பொத்தான் மாதிரி வட்டப் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் வலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எல்லாம் இந்தச் செட் செய்த மாயம் என்று சொல்ல மாட்டேன். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த கழுத்துப் பயிற்சியும் சேர்ந்து, இரண்டு மாதத்தில் குக்கரைத் தைரியமாகத் தூக்குகிறேன். போன வாரம் காலாண்டுப் பரீட்சைக் கேள்வித்தாள் 40 பக்கம் அடித்துக் கொடுத்தேன்.

சகோதரிகளே, வீட்டில் எல்லோருக்கும் சௌகரியம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். மாமனாருக்குச் சாய்வு நாற்காலி, பிள்ளைக்குப் படிக்கும் மேஜை. நாம் வேலை செய்யும் இடத்தையும் நம் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது ஆடம்பரம் அல்ல. கை நன்றாக இருந்தால்தானே வேலையும் வரும், வருமானமும் வரும்? செட் வாங்க வசதிப்படாதவர்கள்கூட இன்றைக்கே லேப்டாப்பின் கீழே இரண்டு புத்தகத்தை வைத்து, பழைய வயர் கீபோர்டு இருந்தால் எடுத்துச் செருகிப் பாருங்கள். கழுத்து உங்களை வாழ்த்தும்!