அட்வான்ஸ் யாருடைய பணம்?

ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை சென்னையில் வீடு மாற்றும் பருவம். பள்ளி திறப்பதற்குள் சாமான்களை ஏற்றி இறக்கிவிட வேண்டும் என்று குடும்பங்கள் தெருத்தெருவாக டு-லெட் பலகை தேடுகின்றன. வீடு பார்க்க வருபவரின் முதல் கேள்வி, வாடகை எவ்வளவு. இரண்டாவது கேள்வி, அட்வான்ஸ் எத்தனை மாதம். பல தெருக்களில் இன்னமும் பதில் பத்து. ஏன் பத்து என்று உரிமையாளரைக் கேட்டால், “எல்லாரும் அப்படித்தானே வாங்குறாங்க” என்பதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ ஒரு வாரம் யோசிப்பவர், கைக்கு வரும் மிகப் பெரிய தொகையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

இந்தப் பத்து மாத வழக்கத்துக்குச் சட்டம் எந்தக் காலத்திலும் துணை நின்றதில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது என்றது. அதை மீறிக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி என்று சொல்லிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது, கையிலிருக்கும் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற நிலையை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியும் வழக்கம் வளர்ந்தது. காரணம் பேராசை மட்டுமல்ல. குடியிருப்புக்கு நியாய வாடகை என்பது சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. அதை நிர்ணயிக்கவும் வழக்கு, ஆளை வெளியேற்றவும் வழக்கு. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தாத்தா காலத்து வாடகையில் பேரன் குடியிருந்த வீடுகள் இருந்தன. நீதிமன்றத்தை நம்ப முடியாத உரிமையாளர் தனக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாடுதான் பெரிய அட்வான்ஸ்.

அந்தச் சட்டம் போய்விட்டது. 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாய வாடகை என்ற பேச்சே அதில் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதுதான் வாடகை. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு அறிவிப்பு அனுப்பியும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். முன்பணத்துக்கு அது வைத்த அளவு மூன்று மாத வாடகை. ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர’ என்ற ஒரு சன்னலும் திறந்திருக்கிறது. பத்து மாதம் இன்று நுழைவது அந்தச் சன்னல் வழியாகத்தான். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் கறாராகக் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது.

சட்டம் இடம் கொடுக்கிறதே, வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 1,80,000. மூன்று மாதம் என்றால் 54,000. கூடுதலாகக் கைக்கு வருவது 1,26,000. அதை ஒழுங்காக வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி கிடைப்பதாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 8,820 ரூபாய், அதற்கும் வரி உண்டு. வீட்டின் ஒரு நாள் வாடகை 600 ரூபாய். பெரிய அட்வான்ஸைப் புரட்ட முடியாமல் நல்ல குடும்பங்கள் திரும்பிப்போய், வீடு ஆண்டில் பதினைந்து நாள் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தால் அந்த வட்டி முழுக்கப் போயிற்று.

வங்கியில் போட்டால் இந்தக் கணக்கு. பெரும்பாலோர் போடுவதில்லை. அட்வான்ஸ் வந்த மாதமே போர்வெல் மோட்டார் மாறுகிறது, மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிகிறார்கள், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகிறது. இரண்டு ஆண்டு கழித்து, “சார், அடுத்த மாசம் காலி பண்றோம்” என்று போன் வரும்போது பணம் இல்லை. உடனே, “அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்”. சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டிய தொகை அது. இந்த நெருக்கடியில் உரிமையாளர் ஆள் பார்ப்பதே மாறிவிடுகிறது. வருபவர் எங்கே வேலை செய்கிறார், முந்தைய வீட்டை ஏன் விட்டார் என்று விசாரிக்க நேரமில்லை. முழுப் பணத்தை இந்த வாரமே தருபவர் யாரோ அவருக்கே சாவி. தொல்லை தரும் குடித்தனங்கள் இப்படித்தான் உள்ளே வருகின்றன, பாதுகாப்புக்கு என்று வாங்கிய பணத்தின் தயவிலேயே. அட்வான்ஸ் கடன். வாடகை வரவோடு ஒரே கணக்கில் அதைக் கலப்பவர், ஒருவரிடம் அடகு வைத்த தன் வீட்டை அடுத்தவர் பணத்தில் மீட்டுக்கொண்டே இருக்கிறார்.

காலி செய்யும் நாளில் இது முற்றும். சாமான் ஏறிய வீட்டில் உரிமையாளர் சுற்றி வருகிறார். ஹாலில் டிவி மாட்டிய இடத்தில் நான்கு ஓட்டை, ரெகுலேட்டர் ஒன்று வேலை செய்யவில்லை, சமையலறை சிங்க்குக்குக் கீழே ஈரம் ஏறிப் பலகை உப்பியிருக்கிறது. ஈரம் குடிவரும்போதே இருந்ததா என்று கேட்டால் இருவருக்கும் நினைவில்லை. படம் எடுத்து வைக்கவில்லை. கடைசியில், “பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன், அதுதான் வழக்கம்”. வழக்கம் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் ஏதும் எழுதாவிட்டால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைதான் பேசும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும் அதில் உரிமையாளரின் வேலை. கட்டட அமைப்பு, குழாய் மாற்றம், மின்கம்பி இணைப்பும் அவருடையவையே. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றின் பழுது வாடகைதாரர் கணக்கு. எழுதாமல் விட்டு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்பவர், கேட்கத் தெரிந்த வாடகைதாரர் முன் நிற்க முடியாது.

குடிவரும் நாளில் அரை மணி நேரம் செலவழித்தால் இந்தச் சண்டை வராது. ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து அன்றே வாட்ஸ்அப்பில் வாடகைதாரருக்கும் அனுப்பிவிட வேண்டும். மின்மீட்டர் அளவைத் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், காலி செய்த பிறகு வரும் கடைசி பில்தான் அட்வான்ஸிலிருந்து பிடிக்க வேண்டிய நியாயமான முதல் செலவு.

மூன்று மாதம் போதுமா, கடைசி மாதங்களில் வாடகையே தராமல் இருந்தால்? இந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது; வாடகை நீதிமன்றமும் ஒரே வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. ஆனால் அங்கே போவதற்கே காகிதம் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பதினோரு மாத ஒப்பந்தத்தை, எதையுமே பதிய வேண்டாம் என்பதற்கான அனுமதியாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். புதிய சட்டம் கால அளவைப் பார்ப்பதில்லை. எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமும் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றம் கோர ஒரு காரணமாகச் சட்டத்தில் இடம் பெற்றிருக்கிறது. பாக்கிக்காரரின் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற பழைய வைத்தியங்கள் மட்டும் கூடவே கூடாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. அதைச் செய்த நிமிடத்தில் நியாயம் எதிராளி பக்கம் போய்விடும்.

அட்வான்ஸ் மோகத்தின் கடைசிக் கட்டம், சென்னையில் ‘லீஸ்’ என்று சொல்லப்படும் போக்கியம். எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு வாடகை இல்லாமல் விடுவது. அவசரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் முடிவில் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்து, அவருக்குத் தெரியாமல் வேறொரு குடும்பத்துக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு மறைந்த இடைத்தரகர்கள் மீது சென்னைக் காவல்துறை வழக்குகள் பதிந்திருக்கிறது. தரகர் மூலம் விடுபவர், உள்ளே உண்மையில் யார் இருக்கிறார்கள், அவர்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை நேரில் போய்க் கேட்க வேண்டும். போவதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்லிவிட வேண்டும், அதுவும் சட்டம்தான்.

புதிதாக வீடு வாங்குபவர்களிடமும் இதே பழக்கம். பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 60 லட்சம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,40,000 ரூபாய். அந்தச் செலவில் ஒரு பகுதியை வரப்போகும் அட்வான்ஸை நம்பிக் கைமாற்று வாங்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. 18,000 வாடகை என்பது 65,40,000 முதலீட்டின் மேல் 3.3 சதவீதம், சொத்து வரி, ஒரு மாதக் காலியிருப்பு, பழுதுபார்ப்பு கழித்தால் 3க்கும் கீழே. 45 லட்சம் கடனை 8.5 சதவீதத்தில் இருபது ஆண்டுக்கு வாங்கியிருந்தால் மாதத் தவணை ஏறக்குறைய 39,000. வாடகை அதில் பாதிகூட இல்லை. குடித்தனத்தோடு வீடு வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளர் வாங்கி வைத்திருக்கும் அட்வான்ஸைக் காலி செய்யும்போது வாடகைதாரர் புதியவரிடம்தான் கேட்பார். அந்தத் தொகையை விலையில் கழித்து, கழித்ததைப் பத்திரத்திலும் எழுதிவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளில் வாடகை ஒரு தம்பி கணக்கிலும் அட்வான்ஸ் ஒரு மாமா கையிலும் இருப்பது சாதாரணம். உரிமையாளர் வருமான வரிப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தருபவர் வரி பிடித்துச் செலுத்த வேண்டும் என்பது இரு தரப்பிலும் பலருக்குத் தெரியாது. அட்வான்ஸை ரொக்கமாக வாங்கும் உறவினர்கள் இன்னொரு வரம்பையும் நினைவில் வைக்கலாம்: ஒரே பரிமாற்றத்தில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகும். 20,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது.

ஏற்கெனவே மூன்று வீட்டு அட்வான்ஸையும் செலவழித்துவிட்டவர் ஒரே நாளில் மாற முடியாது. அடுத்த பருவத்தில் காலியாகும் ஒரு வீட்டில் மட்டும் மூன்று மாதத்துக்கு இறங்கலாம். பழையவருக்குக் கொடுக்க வேண்டியதில் குறையும் தொகையை மற்ற இரு வீட்டு வாடகையிலிருந்து மாதாமாதம் ஒதுக்க இன்றே தொடங்கி, அதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றும் திறந்துகொள்ளலாம். மேலே சொன்ன அளவு வீடு என்றால் திரட்ட வேண்டியது 1,26,000. இரண்டு வீட்டிலிருந்தும் மாதம் தலா 5,250 ரூபாய் எடுத்து வைத்தால் ஓராண்டில் சேர்ந்துவிடும். அதற்குள் அடுத்த வீட்டின் ஒப்பந்தமும் புதுப்பிக்க வந்திருக்கும்.