நம்பருக்குப் பயந்து கூடுதல் கட்டணமா?

"பேங்க், கேஸ் எல்லாவற்றிலும் இந்த நம்பர்தான் இருக்கிறது, எப்படி மாறுவது?" என்று பலர் கூடுதல் கட்டணம் கட்டி வருகிறார்கள். இது வீண் பயம் என்பேன். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி, 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணையும் சேர்த்து 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிலாக வரும் 8 எழுத்துக் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள்.

ஆனால் அவசரம் வேண்டாம். மாறிவிட்டால் 90 நாட்களுக்கு மறுபடி மாற முடியாது. எனவே வீட்டில் சிக்னல் கிடைக்கிறதா என முதலில் பாருங்கள். 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ். எனவே ஆண்டுக் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். அதிலும் குறைவாக வந்தால் தயங்காமல் மாறுங்கள்.