பதில் சொன்னவர்களின் கோரிக்கைச் சாசனம்

கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், வயல் மண்ணை அள்ளிக் கொடுத்தவர்கள் நாங்கள். சமூகவியலிலும் வேளாண்மையிலும் மருத்துவத்திலும் எத்தனையோ முனைவர் பட்டங்கள் எங்கள் திண்ணைகளில்தான் தொடங்கின. அந்த ஆய்வுகளால் ஊருக்கு என்ன விளைந்தது என்ற மதிப்பீடு மட்டும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதில் எங்களுக்குரிய இடத்தைக் கேட்கிறோம். மாநில அரசும், மாநிலப் பல்கலைக்கழகங்களும், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றமும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

முதலில், முடிவு எங்கள் கைக்கு வர வேண்டும். ஓர் ஊரில் தரவு திரட்டிய ஒவ்வோர் ஆய்வும், முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக அந்த ஊர்க் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. நாள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றனவே என்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் ஏறியிருப்பது எங்களுக்குச் சொன்னதாகாது.

அந்த முடிவு பயன்படும் பருவத்திலும் வர வேண்டும். மண் மாதிரி எடுக்கும் முறை எங்களுக்கு மனப்பாடம்: மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, ஓரமாகச் சீவிய மண்ணைக் கலந்து நாலாகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவந்து, பையில் பெயரும் சர்வே எண்ணும் எழுதிக் கட்டுவது. இத்தனையும் செய்து கொடுத்த விவசாயிக்கு, அடியுரம் போட்டு நடவும் முடிந்த பிறகு வரும் மண்வள அட்டையால் என்ன பயன்? தனி நபரின் மண், நீர், ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆய்வேடு முடியும்வரை நிறுத்தி வைக்கக் கூடாது. முடிவு வந்த 30 நாளில் உரியவரிடம் சேர்க்க வேண்டும். சர்க்கரை கூடியிருப்பதை ஒருவர் அடுத்த ஆண்டு தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது குற்றத்துக்குச் சமம்.

வாய்மொழித் தேர்வில் எங்களுக்கு நாற்காலி வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, துறை ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்களோடு ஆர்வமுள்ள வல்லுநர்களும் அங்கே வர முடிந்தது. எங்கள் குப்பத்தைப் பற்றிய ஆய்வுக்கு எங்களைவிட வல்லுநர் யார்? தேர்வு நாளைத் தரவு தந்த ஊருக்கு 15 நாள் முன்பே தெரிவியுங்கள். இதற்குப் புதுச் சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

மதிப்பெண் முறையும் மாற வேண்டும். 2016 முதல் வெளிவரும் தேசிய நிறுவனத் தரவரிசையில் ஆய்வு என்றால் கட்டுரை, மேற்கோள், காப்புரிமை, திட்ட நிதி. சமூகத் தொடர்பு என்ற தலைப்பின் கீழும் மாணவரில் பெண்கள் எத்தனை, வெளிமாநிலத்தவர் எத்தனை என்பது போன்ற கணக்கே உண்டு. அதுவும் தேவைதான். ஆனால் ஆய்வால் யாருடைய வாழ்வில் என்ன மாறியது என்பதற்கு இடமில்லை. பிரிட்டன் 2014இல் தன் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில் இந்தக் கேள்விக்கு 20 சதவீதமும், 2021இல் 25 சதவீதமும் ஒதுக்கியது. டெல்லி மாற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் உள்மதிப்பீட்டிலும் ஆசிரியர் பதவி உயர்விலும் 20 சதவீதத்தில் தொடங்குங்கள்.

பிரிட்டன் முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அங்கே, ஆய்வின் பயனைச் சொல்லும் அறிக்கைகளை மெருகேற்றித் தரவே ஆள் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. இங்கேயும் வரும், கோப்பு அலங்காரத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆகவே மதிப்பீட்டுக் குழுவில் பாதிப் பேர் ஆய்வுக்கு உட்பட்ட தரப்பிலிருந்து வர வேண்டும்: விவசாயி, மீனவப் பெண், கிராம சுகாதார செவிலியர், தூய்மைப் பணியாளர், நோயாளி. கூட்டம் தமிழில் நடக்க வேண்டும். வருபவருக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் அன்றே கொடுக்கப்பட வேண்டும். பேராசிரியருக்கு அமர்வுப் படி கொடுக்கும் இடத்தில் எங்களுக்குத் தேநீர் மட்டும் போதாது.

பயனை அளக்கக் காலம் கொடுங்கள். வெற்றியை மட்டும் எண்ணாதீர்கள். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்கவைத்துத் தரும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே மருந்து எடுப்பது சளைத்ததல்ல என்று 1959இல் காட்டியது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளால் நிறுவப்பட்ட அந்த உண்மை உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் சுமார் 2.6 லட்சம் பேர் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுக்க அந்த ஊசி உதவவில்லை என்பது 15 ஆண்டுக் கண்காணிப்பில் உறுதியானது. பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் போடுவதற்கான காரணம் வேறு; அது தொடர்கிறது. ‘பலனில்லை’ என்று கண்டறிந்ததும் பெரும்பயன்தான். ஆகவே ஒவ்வோர் ஆய்வையும் 5ஆம் ஆண்டிலும் 10ஆம் ஆண்டிலும் மறுபடி மதிப்பிட வேண்டும். தோற்ற ஆய்வை மறைக்காமல் வெளியிடுபவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது.

எங்கள் அறிவிலிருந்து வருமானம் வந்தால் பங்கு வேண்டும். அகத்தியமலைக் காணி மக்கள் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை, ‘ஜீவனி’ என்ற மருந்தானது. 1995இல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என முடிவானது. அதைப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு அறக்கட்டளை அமைந்தது 1997இல். பங்கு எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

எல்லா ஆய்வையும் இந்தத் தராசில் ஏற்றச் சொல்லவில்லை. எண் கோட்பாட்டில் உழைப்பவரிடமும் கல்வெட்டு வாசிப்பவரிடமும் ‘ஊருக்கு என்ன செய்தாய்’ என்று கேட்க மாட்டோம். மனிதரின் நேரத்தையோ உடலையோ நிலத்தையோ அறிவையோ பயன்படுத்திய ஆய்வுகளுக்கே இந்தச் சாசனம் பொருந்தும். இதன் சுமையை உதவித்தொகை தாமதமாக வந்து தவிக்கும் ஆய்வு மாணவர் தலையில் கட்டவும் கூடாது. திட்ட நிதியில் 2 சதவீதத்தைத் தமிழ்ச் சுருக்கத்துக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் தனியே ஒதுக்குங்கள்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் வாய்மொழித் தேர்வுச் சுற்றறிக்கையும், முடிவுகளை 30 நாளில் தரும் ஆணையும் வெளிவர வேண்டும். மதிப்பீட்டுக் குழுக்களை அதே கல்வியாண்டில் ஒரு வேளாண், ஒரு மருத்துவ, ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் அமைத்துவிடலாம். எந்த மூன்று, எந்தத் தேதி என்பதை ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்கப்போகிறோம்.